பெர்சி ஜாக்சனை ராத்திரிக் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வாசித்தவர்கள் வாருங்கள்

கொழிஞ்சாம்பாறை அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. வீட்டில் தமிழ், ஆபீசுக்குப் போனால் மலையாளம், சாமான் வாங்கக் கோயம்புத்தூர். என் மகனுக்கு 11 வயது, ஆறாவது படிக்கிறான். தமிழ், மலையாளம், இங்கிலீஷ் என்று மூன்று எழுத்தோடும் தினமும் மல்லுக்கட்டுகிறான். வாசிக்க உட்கார்ந்தால் எழுத்தெல்லாம் இடம் மாறுகிறது என்பான். ரெண்டு வருஷம் அவனைச் சோம்பேறி என்று ஒரு ஆசிரியர் திட்டிக்கொண்டே இருந்தார். நானும் அதை நம்பி அவனை அடித்திருக்கிறேன். அப்புறம் ஒரு டாக்டர்தான் இது டிஸ்லெக்சியா என்று சொன்னார்.

போன மாதம் உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் பெர்சி ஜாக்சன் முதல் புத்தகம் கிடைத்தது. அட்டையில் கடலும் மின்னலும் இருந்ததால்தான் எடுத்தேன், வேறு ஒன்றும் தெரியாது. பஸ்ஸிலேயே படிக்க ஆரம்பித்தேன். பெர்சிக்கு 12 வயது. வருஷத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் மாறியவன். அவனுக்கும் எழுத்து நிற்காது, ஓரிடத்தில் உட்காரவும் முடியாது. கடைசியில் பார்த்தால் அவன் கடல் தேவன் பொசைடனுடைய மகன். எழுத்து ஆடுவது ஏனென்றால், அவன் மூளை பழைய கிரேக்க மொழியை வாசிக்கப் பிறந்த மூளை. உட்கார முடியாததும் நோய் இல்லை, சண்டைக்களத்தில் உயிரைக் காப்பாற்றுகிற சுறுசுறுப்பு அது. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வாளையார் தாண்டும்வரை புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரியிலிருந்து தினமும் ஒரு அத்தியாயத்தை இங்கிலீஷில் நான் படித்துக்கொண்டு, நம் பேச்சுத் தமிழில் அவனுக்குச் சொல்கிறேன். அந்த மூளை விஷயம் வந்த ராத்திரி அவன் வெகுநேரம் தூங்கவில்லை. அப்புறம் கேட்டான்: “அப்போ என் மூளை எந்த பாஷைக்குச் செஞ்சதும்மா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களில் யாராவது இதை வாசித்திருந்தால், அடுத்த புத்தகங்களையும் சொல்லலாமா, பயமுறுத்துகிற இடங்கள் இருக்கிறதா என்று சொல்லுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் அதையும் சொல்லுங்கள்.

செங்கோட்டைத் தூறல்:

அக்கா, கல்லூரி நாட்களில் ஆரியங்காவு வழி ரயிலில் போய்வரும்போது ஐந்தையும் முடித்தவன் நான். இன்றைக்கும் மழைக்காலம் வந்தால் திரும்ப எடுப்பேன்.

தாராளமாகச் சொல்லுங்கள். முதல் தொடரில் மொத்தம் 5 புத்தகம், 2005-இல் ஆரம்பித்து 2009-இல் முடிந்தது. ரோமானியத் தேவர்களின் பிள்ளைகளும் வந்து சேர்கிற அடுத்த 5 புத்தகம் 2010-இலிருந்து 2014 வரை. அதற்குள் இப்போதே போக வேண்டாம். முதல் ஐந்தில் பெர்சிக்கு 12 வயதில் தொடங்கி 16-இல் முடிகிறது. உங்கள் பையனும் கூடவே வளரட்டும். அவசரமே இல்லை.

உங்களுக்கு இது தெரியுமா என்று தெரியவில்லை. எழுதிய ரிக் ரயர்டன் பள்ளி ஆசிரியராக இருந்தவர், அமெரிக்காவில் டெக்சாஸ்காரர். அவருடைய மகனுக்கும் டிஸ்லெக்சியா, ஏடிஎச்டி (ஓரிடத்தில் உட்காரவோ கவனம் வைக்கவோ முடியாதது) இரண்டும் இருந்தன. ராத்திரி தூங்கப் போகும்போது கிரேக்கக் கதை சொல்லச் சொல்லி மகன் கேட்பானாம். தெரிந்த கதையெல்லாம் தீர்ந்துபோக, புதிதாக ஒன்று சொல்லுங்கள் என்றிருக்கிறான். அப்படிப் பிறந்தவன்தான் பெர்சி. புத்தகமாக எழுதச் சொன்னதும் அந்த மகனே. நீங்கள் வாசித்துத் தமிழில் சொல்கிறீர்கள் பாருங்கள், அந்தக் கதை முதன்முதலில் எப்படிப் பிறந்ததோ அதே மாதிரிதான் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் லோட்டஸ் கேசினோ. ஹோமரின் பழைய கதையில் ஒடிசியஸின் ஆட்கள் தாமரைப் பண்டத்தைத் தின்றுவிட்டு வீட்டையே மறந்துபோவார்கள். இங்கே அதை லாஸ் வேகாஸில் ஒரு விளையாட்டு மாளிகை ஆக்கிவிட்டார். பிள்ளைகள் உள்ளே போய்ச் சில மணி நேரம் விளையாடியதாக நினைத்துக்கொண்டு வெளியே வந்தால், 5 நாள் போயிருக்கும். 1970-களில் நுழைந்தவர்கள்கூட வயசே ஆகாமல் உள்ளே இருக்கிறார்கள். இதை உங்கள் மகனுக்குச் சொல்லும்போது அவசரப்படாதீர்கள். மெதுவாகச் சொல்ல வேண்டிய இடம்.

பயம் என்றால், முதல் புத்தகத்தில் எருதுத் தலை அரக்கன் மினோட்டார் துரத்துகிற ராத்திரியும் பாதாள உலகமும்தான். 11 வயதுக்குத் தாங்கும்.

நகரி நெசவு:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். நான் சித்தூர் பக்கம் நகரி, தறிக்காரர் வீடு. இந்தத் தொடர் எனக்கு ஏன் உடனே ஒட்டிக்கொண்டது என்று யோசித்தால், திருப்பதி கங்கம்மா ஜாத்திரைதான் ஞாபகம் வரும்.

பெண்களைத் தொந்தரவு செய்த பாளையக்காரன் ஒருவன் கங்கம்மாவுக்குப் பயந்து ஒளிந்துகொள்கிறான். அவள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வேஷம் போட்டுத் தெருத்தெருவாகத் தேடுகிறாள். கடைசியில் துரை வேஷத்தில் வந்ததும், தனக்கும் மேலே உள்ளவர் வந்திருக்கிறார் என்று நம்பி அவன் வெளியே வருகிறான், அவள் தலையை எடுக்கிறாள். அந்த நாட்களில் ஆண்கள் சேலை கட்டி, பூ வைத்து, முகத்தில் சந்தனம் பூசித் தெருவில் நடப்பார்கள். சின்ன வயதில், எதிரே வருகிறவரில் யார் சாமி, யார் மாமா என்று எனக்குக் குழப்பமாக இருக்கும்.

பெர்சியின் உலகமும் அப்படித்தானே? கணக்கு டீச்சர் உண்மையில் பழிவாங்கும் தேவதை. சக்கர நாற்காலியில் வருகிற லத்தீன் வாத்தியார், ஹெர்குலிஸ் முதலானவர்களுக்கு வித்தை சொல்லிக்கொடுத்த குதிரையுடல் கைரோன். தண்ணீர்மெத்தை விற்கிற கடைக்காரன்தான் பழைய புரோக்ரஸ்டஸ், கட்டிலுக்கு அளவு சேராதவர்களை இழுத்து நீட்டுகிறவன். தெருவில் யாரையும் சாதாரண ஆள் என்று நினைத்துவிட முடியாது. அந்தச் சிலிர்ப்பு எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம்.

களியக்காவிளை வாசகன்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், தங்கச்சி தப்பாக நினைக்க வேண்டாம். தொடரை நானும் படித்தேன், விறுவிறுப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகள் இதையே கிரேக்கப் புராணம் என்று எடுத்துக்கொள்வார்கள் என்பதுதான் என் கவலை.

பார்த்தவரைக் கல்லாக்குகிற மெதூசாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மிகப் பழைய கவியான ஹெசியடிடம் அவள் மூன்று கோர்கன் சகோதரிகளில் சாகக்கூடிய ஒருத்தி, கடல் தேவன் புல்வெளியில் அவளோடு கூடினான், தண்டனை என்று எதுவும் அதில் இல்லை. அதீனா கோவிலில் கடல் தேவன் அவளைக் கெடுத்தான், தண்டனை மட்டும் அவளுக்குக் கிடைத்தது, கூந்தல் பாம்பானது என்பது பல நூற்றாண்டு கழித்து ரோமானியக் கவி ஓவிட் சொன்ன கதை. இந்தத் தொடரில் அவள் தோட்டத்துச் சிலை விற்கிற கடைக்காரி, பொசைடனின் பழைய காதலி. 12 வயதுப் பையன் தலையை வெட்டிப் பெட்டியில் போட்டுத் தேவர்களுக்கே அனுப்பி வைக்கிறான். அவளுக்கு நடந்த அநியாயம் அந்த வேகத்தில் போயே போய்விட்டது. அதோடு, பழைய கதையில் மெதூசாவைக் கொன்ற பெர்சியஸ் தேவராஜா ஜீயஸின் மகன். இங்கே பெயரை வைத்துக்கொண்டு அப்பாவை மாற்றிவிட்டார்.

இன்னொன்று. நம் பிள்ளைக்கு முதலில் நம் கதை தெரிய வேண்டாமா? கண்ணகி கொடுங்கல்லூர்வரை போன கதை தெரியாத பிள்ளைக்கு கிரேக்கத் தேவர்கள் வாழ்கிற ஒலிம்பஸ் எதற்கு?

வண்டிப்பெரியாறு இலை:

அண்ணா, நீங்கள் சொல்கிற மெதூசா விஷயம் நியாயம். எனக்கும் அந்த அத்தியாயம் இன்னும் நின்று பேசியிருக்கலாம் என்றுதான் தோன்றியது.

ஆனால் அப்பாவை ஏன் மாற்றினார் என்பதை ரயர்டன் பெர்சியின் அம்மா சாலியிடமே விட்டிருக்கிறார், கவனித்தீர்களா? சாலி தன் பிள்ளைக்குப் பெர்சியஸ் என்று பெயர் வைத்தது அவன் ஜீயஸின் மகன் என்பதற்காக இல்லை. கிரேக்க வீரர்களில் பெரும்பாலோர் கொடூரமாகச் சாகிறார்கள். நல்லபடி வாழ்ந்து முடித்த சிலரில் பெர்சியஸ் ஒருவன். பிள்ளைக்கும் அந்த அதிர்ஷ்டம் வரட்டும் என்றுதான் வைத்தாள்.

எனக்கு இந்தத் தொடரே சாலிதான். நான் எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவள். அம்மா கொழுந்து கிள்ளப் போனால் இருட்டித்தான் வருவாள். சாலி ஒரு மிட்டாய்க் கடையில் வேலை செய்கிறாள், நாற்றம் பிடித்த ஒரு குடிகாரனோடு குடும்பம் நடத்துகிறாள். அவன் நாற்றத்தில் மகனின் வாசனை அரக்கர்களுக்குத் தெரியாமல் போகும் என்பதற்காகவே சகித்துக்கொள்கிறாள் என்று பின்னால்தான் தெரிகிறது. நீலநிறச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது என்று அந்த ஆள் ஒருநாள் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவள் நீலக் கேக், நீல மிட்டாய், நீலச் சோளச் சிப்ஸ் என்று தேடித்தேடிக் கொண்டுவருவாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் ஒரு பெண் இப்படி எதிர்க்கலாம் என்று எனக்குக் காட்டியது அந்த நீலம். என் அம்மாவிடமும் அப்படிச் சில காரியங்கள் இருந்தன. புத்தகம் படித்த பிறகுதான் அவை எனக்குத் தெரிந்தன.

பாலக்காட்டுக் கணவாய்:

களியக்காவிளை அண்ணா, நம் கதையா அவர்கள் கதையா என்று பிரிக்க நம் ஊரே விடாது. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, தோல்பாவைக்கூத்து. ஒற்றப்பாலம், ஷொர்ணூர் பக்கத்துப் பகவதி கோவில்களில் கூத்துமாடம் பார்த்திருப்பீர்கள். கோவிலைப் பார்த்தபடி கட்டியிருப்பார்கள். மலையாளம் பேசுகிற ஊரில், கம்பராமாயணப் பாட்டைத் தமிழிலேயே பாடி, திரைக்குப் பின்னால் 21 விளக்கு ஏற்றிப் பாவை ஆட்டுவார்கள். ஏன் என்பதற்கு ஒரு கதை உண்டு. இராவணன் சாகிற நேரத்தில் பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு போரில் இருந்தாள், அந்தச் சண்டையைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அந்தக் குறை தீர அவளுக்காகவே நடத்துகிறார்கள். நடு ராத்திரிக்கு மேல் மனுஷர் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அம்மன் ஒருத்திக்காக விடிய விடிய ஆடுவார்கள். நம் பக்கம் சாமியே கதை கேட்க உட்காருகிறாள். எந்த ஊர்க் கதையானாலும் அவள் வேண்டாம் என்று சொல்லியிருப்பாளா?

இரண்டு, முசிறி, பழைய சேரத் துறைமுகம். நீங்கள் சொன்ன அதே கொடுங்கல்லூர்ப் பக்கம்தான். கிரேக்கத் தேவர்கள் நமக்கு அந்நியர் என்கிறோம். வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் ஏடு இருக்கிறது, கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கிரேக்கத்தில் எழுதியது. முசிறிக் கடன் ஒப்பந்தம் அதில் வருகிறது. யானைத் தந்தமும் சடாமாஞ்சில் என்ற வாசனை வேரும் ஏற்றிப்போன கப்பலின் பெயரும் இருக்கிறது: ஹெர்மபோலன். ஹெர்மிஸ், அப்போலோ இரண்டு பேரையும் சேர்த்து வைத்த பெயர். வணிகர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் காவல் தேவனான ஹெர்மிஸ் பெயரோடு கப்பல் நம் கடற்கரைக்கு வந்து திரும்பியிருக்கிறது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறே சொல்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் ரோமானியக் காசு கிடைத்ததெல்லாம் இந்தக் கணவாய் வழி நடந்த வியாபாரத்தால்தான். கொழிஞ்சாம்பாறை அக்கா தினமும் பஸ்ஸில் போகிற வழி அது.

களியக்காவிளை வாசகன்:

கப்பல் பெயர் எனக்குத் தெரியாது. நல்ல செய்தி, நன்றி. கூத்துமாடம் பற்றிச் சொன்னதை மனசார ஒத்துக்கொள்கிறேன்.

மெதூசா பற்றி மட்டும் என் கருத்து மாறவில்லை. தங்கச்சி, அந்த அத்தியாயத்தைச் சொல்லும்போது ஓவிட் சொன்ன கதையையும் பையனுக்குத் தெரிகிற அளவில் சொல்லிவிடுங்கள். தப்பு செய்தவன் ஒருவன், தண்டனை இன்னொருத்திக்கு என்று. பிள்ளைகளுக்கு அநியாயம் நன்றாகப் புரியும்.

கொழிஞ்சாம்பாறை அக்கா:

அண்ணா, சொன்னேன். நேற்று ராத்திரி மெதூசா. கதையை நிறுத்திவிட்டு நீங்கள் சொன்னதையும் சொன்னேன். அவன் வேகமாகச் சொன்னான், “அப்போ பெர்சி அவகிட்ட அப்பாவுக்காக மன்னிப்புக் கேட்டிருக்கணும்.” எனக்குத் தோன்றாதது அது. இன்றைக்கும் அதையே பேசிக்கொண்டிருக்கிறான்.

என் மாமியாரும் இப்போது கதை கேட்க வந்து உட்காருகிறார். ஹேடிஸ் என்றால் எமன்தானே என்றார். இல்லை அத்தை, எமன் வந்து உயிரைக் கூட்டிப்போவான், இவன் பாதாளத்தைக் கட்டிக்காக்கிற ராஜா என்றேன். பாதாளத்துக்கு வாசல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பாட்டுப் பதிவு ஸ்டுடியோவில் இருக்கிறது என்றதும், “எங்கே வேணும்னாலும் இருக்கட்டும், நாய் இருக்கா வாசல்ல?” என்று கேட்டார். இருக்கிறது, மூன்று தலை. பெர்சியின் தோழி அன்னபெத் அதோடு பந்து விளையாடுகிற இடத்தில் பாட்டியும் பேரனும் சேர்ந்தே அழுதார்கள். பந்து போன பிறகு அந்த நாய் முனகுமே, அதற்கு.

சத்தியவேடு:

யாரும் ஹெர்மிஸ் குடிலைப் பற்றிப் பேசவில்லையே! ஐந்தாம் புத்தகத்து முடிவையும் தொடப் போகிறேன், தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிவிடுங்கள்.

அரைத் தேவப் பிள்ளைகள் தங்குகிற முகாமில் ஒவ்வொரு பெரிய தேவனுக்கும் ஒரு குடில். யாருடைய பிள்ளை என்று தெரியாதவர்கள், அப்பா அம்மா யாரென்று எந்தத் தேவனும் அடையாளம் காட்டாதவர்கள், எல்லோரும் ஹெர்மிஸ் குடிலில் தரையில் நெருக்கிப் படுக்கிறார்கள். வருஷக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். ஹெர்மிஸின் மகனும் அந்தக் குடிலின் தலைவனுமான லூக் கெட்டுப்போனதற்கும், அவன் பின்னால் அத்தனை பிள்ளைகள் போனதற்கும் அந்தத் தரைதான் காரணம். தேவர்களின் பழைய எதிரி குரோனோஸ் அவர்களை ஏமாற்றினான் என்பது சரி. ஏமாறுவதற்கு அவர்களைத் தயார் செய்து வைத்திருந்தது ஒலிம்பஸ்.

என் தாத்தா வீடு 1960 ஏப்ரலில் ஆந்திராவுக்குப் போனது. வீடு அசையவில்லை, எல்லைதான் அசைந்தது. திருத்தணி அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். எனக்குத் தெலுங்கிலும் தமிழிலும் கனவு வரும். ஆனாலும் மெட்ராஸ் போனால் ஆந்திராக்காரன், விஜயவாடா போனால் அரவம் (தமிழை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பேசுகிறவன். அதனால் பெர்சி கடைசியில் செய்த காரியத்தைப் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். போர் முடிந்ததும் தேவர்கள் அவனுக்குச் சாவில்லாத வாழ்வு தருகிறார்கள். வேண்டாம் என்கிறான். அதற்குப் பதில், 13 வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளையும் அவரவர் தேவர் அடையாளம் காட்ட வேண்டும், சிறு தேவர்களுக்கும் குடில் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறான். ஒரு வரம் இருந்தால் இதைத்தான் கேட்க வேண்டும் என்று எனக்கு அந்த வயதில் தெரியாது.

நகரி நெசவு:

இதே காரணத்துக்காக எனக்கு ஹெஸ்டியா பிடிக்கும். பன்னிரண்டு சிங்காசனத்தில் தனக்கு இடமே வேண்டாம் என்று அடுப்பங்கரைத் தீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். நம்பிக்கை அடைபட்டிருக்கிற பண்டோராவின் பழைய ஜாடியைப் போரின் நடுவில் பெர்சி கொண்டுபோய் அவளிடம்தான் கொடுக்கிறான்.

செங்கோட்டைத் தூறல்:

2010, 2013-இல் வந்த சினிமாக்களைப் பற்றி யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: பையனுக்குக் காட்ட வேண்டாம். 12 வயதுப் பிள்ளையை வளர்ந்த பையனாக்கிவிட்டதில் கதையின் உயிரே போய்விட்டது. 2023 டிசம்பரில் டிஸ்னியில் தொடங்கிய தொடர் பரவாயில்லை, அதில் ரயர்டனும் கூட இருந்து வேலை செய்திருக்கிறார். ஆனால் புத்தகம் முடியட்டும் முதலில்.

பாலக்காட்டுக் கணவாய்:

அக்கா, பையன் கேட்ட கேள்விக்கு இத்தனை பேரும் பதில் சொல்லாமலே போகிறோமே. நான் முயற்சி செய்கிறேன்.

வட்டெழுத்து என்று சொல்லுங்கள். பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் ஒரே எழுத்தாக இருந்தது. பழைய தமிழி (தமிழ் பிராமி) எழுத்திலிருந்து வளர்ந்தது. தமிழ்நாட்டுப் பக்கம் அது வழக்கொழிந்த பிறகும் கேரளத்தில் வெகுகாலம் இருந்தது. அந்தக் காலத்தில் இந்தக் கணவாய்க்கு இரண்டு பக்கமும் உள்ளவர்கள் கல்லிலும் செம்பிலும் அதில்தான் எழுதினார்கள். கூர்மையான மூலையே கிடையாது, எல்லாம் வளைவு. உன் மூளை அந்த எழுத்துக்குச் செய்தது, அதனால்தான் இன்றைய எழுத்து அதற்குக் கோணலாகத் தெரிகிறது என்று சொல்லுங்கள். டாக்டர் சொன்னதை மாற்ற வேண்டாம், பயிற்சியையும் விட வேண்டாம். இது அவனுக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கட்டும்.

கொழிஞ்சாம்பாறை அக்கா:

ரெண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடுவில் எங்கள் பாலக்காட்டுச் சித்தூரில் கொங்கன்படைத் திருவிழா வந்துவிட்டது. தெரியாதவர்களுக்கு: கொங்கு ராஜா படையெடுத்து வந்தபோது பகவதியே களத்தில் இறங்கி அவனை வென்றாள் என்று கும்ப மாதத்தில் கொண்டாடுகிறோம். கொட்டும் ஆர்ப்பரிப்புமாகப் போரையே நடித்துக் காட்டுவார்கள். நாங்கள் வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ். என் அப்பாவின் ஊர் பொள்ளாச்சி. பகவதியோ எங்கள் பகவதி, வேண்டுதல் என்றால் அவளிடம்தான் போவோம். கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு மகன் கேட்டான், “நாம எந்தப் பக்கம்மா?” ரெண்டு பக்கமும்தான் என்றேன். “முகாம் மாதிரி” என்றான்.

கணவாய் சார், வட்டெழுத்து அட்டவணை ஒன்றைக் கண்டுபிடித்துத் தாளில் பெரிதாக வரைந்து கொடுத்தேன். அவன் பெயர் அதில் நாலு எழுத்து. முதல் நாள் பார்த்துப் பார்த்து எழுதினான், மூன்றாம் நாள் பார்க்காமல் எழுதினான். இப்போது பள்ளிப் பையின் உள்பக்கம், பாட்டியின் வெற்றிலைப் பெட்டியின் அடி, மாட்டுத் தொட்டியின் சிமென்ட் எல்லாவற்றிலும் அவன் பெயர் வட்டெழுத்தில் இருக்கிறது. ஒருமுறைகூட எழுத்து இடம் மாறியதாக அவன் சொல்லவில்லை.

முதல் புத்தகம் முடிந்தது. இரண்டாவதை வாயனசாலையில் (ஊர் நூலகத்தில்) சொல்லி வைத்திருந்தோம், நேற்று வந்தது. முதல் பக்கத்தைத் தானே இங்கிலீஷில் படிக்கிறேன் என்று விரல் வைத்து உட்கார்ந்தான். அரை மணி நேரம் ஆனது. பாட்டி விசிறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நான் நடுவில் சொல்லிக்கொடுக்க வாயைத் திறந்தபோது, இருவரும் சேர்ந்து என்னைச் சும்மா இருக்கச் சொன்னார்கள்.